முகத்தைப் பார்த்து ரேட் சொல்வதால் கெடுவது யார் பேர்?

உப்பளம் மணி

புதுச்சேரி உப்பளத்தில் ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் வருவார்கள். மற்ற மாதங்களில் சனி ஞாயிறு சென்னை, பெங்களூர் கூட்டத்தை நம்பித்தான் பிழைப்பு. இந்த சீசன் முழுக்க மனதை உறுத்திய ஒரு விஷயத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

லியோன் நகரத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து தங்கினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் 600 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். நம்மிடம் அதே தூரத்துக்கு நூறு கேட்பார்கள், மிஞ்சினால் நூற்றைம்பது. மறுநாள் கடற்கரையில் ஒரு இளநீர் 200. 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கும் தண்ணீர் பாட்டில் 50. ஆரோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போன ஆள் நுழைவுக் கட்டணம் என்று சொல்லி தலைக்கு 300 வாங்கியிருக்கிறார். ஆரோவில் பார்வையாளர் மையத்துக்குப் போக டிக்கெட்டே கிடையாது. அங்கிருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கான அனுமதிச் சீட்டும் இலவசம்தான்.

எல்லாவற்றையும் கூட்டினாலும் பதினைந்து யூரோ வராது. அவர்களுக்கு அது பெரிய பணமில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த அம்மா எங்கேயும் எதையும் வாங்கவில்லை. மணக்குள விநாயகர் கோயில் பக்கம் பூ விற்கும் அக்கா ஒரு முழம் 30 ரூபாய் என்று நியாயமான விலைதான் சொன்னார். கூடவே நின்ற நான் அது சரியான விலை என்று சொல்லியும் அம்மா நம்பவில்லை, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். ஏமாற்றியவர்கள் காசோடு போய்விட்டார்கள். வியாபாரம் போனது ஏமாற்றாத பூக்காரருக்கு.

ஊருக்குத் திரும்பியதும் அந்த டிரைவரைப் பற்றியா எழுதப் போகிறார்கள்? அவர் பேர் இவர்களுக்குத் தெரியாது. இந்தியாவில் இப்படி நடந்தது என்றுதான் எழுதுவார்கள், அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019-இல் இந்த முழு நாட்டுக்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1.09 கோடி. அதே ஆண்டு தாய்லாந்துக்குப் போனவர்கள் கிட்டத்தட்ட நான்கு கோடி. எல்லாப் பழியையும் ஆட்டோ ரேட் மேல் போட முடியாது, விசா, சுத்தம், பாதுகாப்பு என்று காரணங்கள் நிறைய. ஆனால் நம் கையில் இருக்கிற காரணம் இது. ஆட்டோ ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள், எல்லோரும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை கார்த்தி

வெளிநாட்டுக்காரரோடு நிற்கவில்லை சார். கர்நாடகா நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் பார்க்கிங்குக்கு ஒரு தனி ரேட் சொல்கிறார்கள். ரசீது கேட்டால் அந்த ஆளே காணாமல் போய்விடுகிறார்.

முதலியார்பேட்டை ரவி

மணி அண்ணன், நான் ஆட்டோ ஓட்டுகிறவன். 600 வாங்கியது தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஆட்டோக்காரனைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கொஞ்சம் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

என் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குச் சொந்த வண்டி இல்லை. தினமும் வாடகை கட்டி எடுக்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை சவாரி இருக்காது. மிஷன் வீதிப் பக்கம் போனால் வாடகை ஸ்கூட்டர் வரிசையாக நிற்கிறது. வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பாதிப் பேர் நாள் வாடகைக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளூர் ஜனங்களுக்கு ஷேர் டெம்போ இருக்கிறது. அதனால் கிடைக்கிற ஒரு சவாரியில் நாள் முழுக்க உள்ள வாடகையை எடுக்கப் பார்க்கிறான் ஒருவன். அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. சில விடுதிகளில் வாசலில் நிற்கிற ஆள் ஒரு சவாரி பிடித்துக் கொடுத்தால் அவருக்கு 50, 100 கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் மறுநாள் அந்த வாசலில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். அந்தக் காசை எங்கே போய் எடுப்போம்? ஏறுகிறவரிடம்தான். அவர் பார்ப்பது என் முகத்தை மட்டும்தான், கெட்ட பேர் எனக்கு.

கடலூர் ஓ.டி. செல்வி

நான் பள்ளி ஆசிரியை. மணி சாரிடம் ஒரு கேள்வி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு. தாஜ்மகாலுக்கு நமக்கு 50, அவர்களுக்கு 1,100. முன்பு உள்நாட்டு விமானத்திலேயே வெளிநாட்டவருக்கு டாலரில் தனிக் கட்டணம் இருந்தது. அரசாங்கமே முகத்தைப் பார்த்து வசூலித்தால், இளநீர்க்காரர் வசூலிப்பதை மட்டும் தப்பு என்று எப்படிச் சொல்வது? என் மாணவர்கள் இதைக் கேட்டார்கள். எனக்குத் திருப்தியாகப் பதில் சொல்ல வரவில்லை.

பாரிஸ் பிரகாசம்

வணக்கம். பூர்வீகம் முத்தியால்பேட்டை. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. ஒவ்வொரு வருடமும் பாண்டிக்கு வருகிறேன். செல்வி அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி.

வித்தியாசம் எங்கே என்றால், 600 ரூபாய் என்பது கவுண்டரில் எழுதிப் போட்டிருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரருக்கும் பக்கத்தில் நிற்கிற ஸ்வீடன்காரருக்கும் ஒரே விதி. ரசீது உண்டு, பணம் அரசுக் கணக்கில் சேர்கிறது. பிடிக்கவில்லை என்றால் உள்ளே போகாமல் இருக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான். அதுவும் விதியாகவே இருக்கிறது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர்களுக்கு 22 யூரோ, வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ என்று ஆக்கிவிட்டார்கள். அது நியாயமா என்று பாரிசில் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் லூவ்ர் என்னை ஏமாற்றிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ஏமாற்றுவது இங்கே மட்டும் நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2018-இல் பாரிசின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் ஒரு போலி டாக்சிக்காரர் தாய்லாந்துத் தம்பதியிடம் 247 யூரோ கேட்டார். வண்டிக்குள்ளேயே அவர்கள் வீடியோ எடுத்தார்கள், அது உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆள் சிறைக்குப் போனார். விமான நிலையத்திலிருந்து பாரிசுக்குப் போக 2016 முதலே நிலையான கட்டணம் இருக்கிறது. முதலில் ஆற்றின் வலது கரைக்கு 50, இடது கரைக்கு 55 யூரோ என்று வைத்தார்கள், பிறகு கொஞ்சம் ஏற்றினார்கள். அப்படி ஒரு எண் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் 247 என்பது கொள்ளை என்று பார்த்தவுடனே புரிந்தது. பாண்டியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒயிட் டவுனுக்கு என்ன கட்டணம் என்று உங்களில் யாராவது ஒருவர் ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

லாஸ்பேட்டை கார்த்தி

80.

முதலியார்பேட்டை ரவி

80-க்கு யாரும் வரமாட்டார்கள் தம்பி. 120. லக்கேஜ் இருந்தால் 150.

உப்பளம் மணி

பிரகாசம் சார் சொன்னது இங்கேயே தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் நமக்கே ஒரு எண் இல்லை. பிறகு லியோனிலிருந்து வந்தவர் எதை வைத்து 600 அதிகம் என்று சொல்வார்?

காலாப்பட்டு மாணவன்

நான் யாழ்ப்பாணம். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் நாட்டில் நடந்ததைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டவர் கொத்து ரொட்டி என்ன விலை என்று கேட்டார். 1,900 இலங்கை ரூபாய் என்றார் கடைக்காரர். ஏன் இவ்வளவு என்று திருப்பிக் கேட்டதற்கு அவரை மிரட்டுகிற மாதிரிப் பேசினார். எல்லாம் வீடியோவில் இருந்தது. அதே மாதம் களுத்துறையில் ஒரு உளுந்து வடைக்கும் பிளேன் டீக்கும் சேர்த்து ஒரு பயணியிடம் 800 ரூபாய் வாங்கினார்கள். அதுவும் வீடியோ. இரண்டு சம்பவத்திலும் பொலிஸ் ஆளைக் கைது செய்தது.

2022 பொருளாதார நெருக்கடியில் எங்கள் நாட்டில் எரிபொருள் வாங்கவே டொலர் இல்லாமல் சனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மருந்து இல்லை. அதிலிருந்து எழும்ப இருந்த வழிகளில் முக்கியமானது சுற்றுலா வருமானம். அந்த நேரத்தில் ஒரு வடைக்கடைக்காரர் செய்த வேலை நாடு முழுக்கப் பேச்சாகியது. வெளிநாட்டவர்களை விட எங்கட சனங்கள்தான் கோபப்பட்டார்கள். விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு பயணியாலும் தங்கள் வீட்டில் யாருக்கோ வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஆனால் கைதோடு விஷயம் தீரவில்லை. விலைப்பட்டியல் இல்லாத கடைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு தெருக் கடைக்காரரைப் பிடிப்பது சுலபம், எல்லாக் கடையிலும் விலையை எழுதி வைக்கச் செய்வதுதான் கஷ்டம். சிகிரியா மலைக்கோட்டையில் வெளிநாட்டவருக்கு 30 டொலருக்கு மேல் டிக்கெட், சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு அதைவிடக் குறைவு. அதைக் கொடுத்து மேலே ஏறியவர் யாரும் கோபமாக இறங்கி வந்ததை நான் பார்க்கவில்லை. வடைக்கு 800 கொடுத்தவர் மறக்கமாட்டார். பிரகாசம் ஐயா சொன்ன வித்தியாசம் அதுதான். இந்தியாவில் தொல்லியல் துறை இடங்களில் சார்க் நாட்டவர் என்பதால் எனக்கும் இந்தியக் கட்டணம்தான், கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். மாமல்லபுரத்தில் 40 ரூபாய் கொடுத்து உள்ளே போனபோது அது மனசுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலூர் ஓ.டி. செல்வி

தம்பி, ரொம்பத் தெளிவாகச் சொன்னீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன்.

வில்லியனூர் நிலா

வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டத்தில் எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.

தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் மாதிரி அடைத்து விற்கும் பொருளைக் கடையில் எம்.ஆர்.பி.க்கு, அதாவது அச்சடித்த அதிகபட்ச விலைக்கு, மேல் விற்பது குற்றம். எடையளவுச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. குளிர வைத்துக் கொடுத்தேன் என்ற சாக்கு பெட்டிக்கடையில் செல்லாது. ஆனால் ஓட்டல், உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறினால் கதை வேறு. அங்கே சேவையும் சேர்ந்து வருகிறது, அதனால் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கடையில் 50 என்றால் புகார் கொடுக்கலாம். ரெஸ்டாரண்ட்டில் 50 என்றால் மெனுவில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெளிநாட்டவர்கள் இது தெரியாமல் அதையும் கொடுத்து, அதன் மேல் டிப்ஸும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. சுற்றுலாப் பயணிகளுக்கு 1363 என்று 24 மணி நேர எண் இருக்கிறது. அதில் இந்தி, ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன் உட்பட பத்து வெளிநாட்டு மொழிகளிலும் பேசலாம். மணி சார், உங்கள் விருந்தினர்களில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்?

இளநீர், பூ, ஆட்டோ மூன்றுக்கும் எம்.ஆர்.பி. கிடையாது. அங்கே சட்டத்தை விட அறிவிப்புப் பலகைதான் வேலை செய்யும்.

உப்பளம் மணி

நிலா மேடம், யாருக்கும் தெரியாது. 1363-ஐ நானே இப்போதுதான் குறித்துக்கொள்கிறேன். நன்றி.

ரவி தம்பி சொன்ன கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் மூல வியாதி. துணிக்கடை, கைவினைப் பொருள் கடை, சிலைக் கடை என்று எங்கே பயணியைக் கூட்டிக்கொண்டு போனாலும் கூட்டி வந்தவருக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு வானத்திலிருந்து விழாது. பொருளின் விலையில்தான் ஏறுகிறது. 800 ரூபாய்ச் சேலையை 2,500 என்று சொல்லி, பேரம் பேசி 1,800-க்கு இறக்கி, அதில் கூட்டி வந்தவருக்கும் ஒரு தொகை போகிறது. வாங்கியவர் அறையில் போய் இணையத்தில் அதே சேலையைப் பார்க்கிறார். அந்த ராத்திரி அவர் எழுதும் விமர்சனத்தை நான் படித்திருக்கிறேன். கடையைத் திட்டுவதில்லை, ஊரைத் திட்டுகிறார்கள்.

என்னிடமும் வந்து கேட்டார்கள். உங்கள் கெஸ்ட்டை எங்கள் கடைக்கு அனுப்புங்கள், பில்லில் இவ்வளவு உங்களுக்கு என்றார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். எனக்கு அறை வாடகை போதும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த ஊரில் கமிஷன் வாங்காத ஹோம்ஸ்டே இன்னும் நிறைய இருக்கிறது, நாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலியார்பேட்டை ரவி

அண்ணன், நீங்கள் அப்படி நடத்துகிறீர்கள் என்றால் நல்லது. ஆனால் ஆட்டோக்காரனிடம் மட்டும் போர்டு வை என்று சொன்னால் நடக்காது. விடுதி வாசலில் வாங்குகிற கமிஷனை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அது நின்றால் நாளைக்கே எங்கள் ஸ்டாண்டில் ரேட் எழுதி மாட்டுவோம். என்னோடு இருக்கிற ஏழெட்டுப் பேர் தயார்.

எங்களுக்கும் இது நஷ்டம்தான் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஒருமுறை 600 கொடுத்தவர் மறுபடியும் ஆட்டோவில் ஏறவே மாட்டார். ஸ்கூட்டர் எடுத்துவிடுவார், இல்லை வெயிலில் நடப்பார். நியாயமாக 120 வாங்கியிருந்தால் அவர் தங்கியிருக்கும் நாட்களில் நாலு சவாரி கிடைத்திருக்கும். ஒருவன் எடுத்தது எங்கள் எல்லோருடைய சவாரியையும்.

பாரிஸ் பிரகாசம்

ரவி தம்பி சொன்ன கடைசி வரியை அப்படியே பிரெஞ்சில் எழுதி பஸ் ஸ்டாண்டில் வைக்க வேண்டும் போல இருக்கிறது.

பிராக் நகரத்தில் 2005-இல் நடந்தது ஞாபகம் வருகிறது. அங்கே டாக்சி ஏமாற்று உலகப் பிரசித்தம். அதைச் சோதிக்க மேயர் பாவெல் பேம், தானே ஒட்டு மீசை, தாடி வைத்துக்கொண்டு இத்தாலியச் சுற்றுலாப் பயணி மாதிரி டாக்சியில் ஏறினார். அவரிடம் சரியான கட்டணத்தைப் போலப் பல மடங்கு வாங்கினார்கள். அறையில் உட்கார்ந்து புகார் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. பயணி புகார் கொடுக்கமாட்டார். அவருக்கு நாளை மறுநாள் விமானம் இருக்கிறது. நம் ஊர் அதிகாரிகளும் ஒரு முறை வெளிநாட்டு நண்பர் ஒருவரை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று பார்க்கட்டும்.

லாஸ்பேட்டை கார்த்தி

ஒன்றை மறக்க வேண்டாம். பணம் கொடுக்கும் முறையும் ஒரு காரணம். நாம் யு.பி.ஐ.யில் சரியாக 120 அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கையில் ஏ.டி.எம். கொடுத்த 500 ரூபாய் நோட்டு மட்டும்தான். சில்லறை இல்லை என்று சொல்லியே பாதிப் பணம் போய்விடுகிறது. வெளிநாட்டவர்களும் யு.பி.ஐ. பயன்படுத்த 2023-இல் ஜி-20 சமயத்தில் ஒரு வாலட் வசதி வந்தது. என் அலுவலகத்துக்கு வந்த ஜப்பான்காரர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

கடலூர் ஓ.டி. செல்வி

எங்கள் மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்துக்கு வெளிநாட்டவர்கள் பாண்டியிலிருந்துதான் கார் எடுத்து வருகிறார்கள். படகுக்குக் கவுண்டரில் எழுதிப்போட்ட கட்டணம் உண்டு, ரசீது உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் குறுகலான வாய்க்கால் பக்கம் திரும்பும்போது துடுப்புப் போடுகிறவர் தனியாக ஒரு தொகை கேட்பது நடக்கிறது. நடுத்தண்ணீரில் வைத்துக் கேட்டால் யார் மறுப்பார்கள்? துடுப்புப் போடுவது கடுமையான உழைப்பு. வெயிலில் அவர்கள் முதுகைப் பார்த்தாலே தெரியும். அந்த உழைப்புக்கு உரிய கூலியையும் வாய்க்கால் சுற்றையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக கவுண்டரிலேயே வாங்கிவிடட்டும். கேட்பவருக்கும் கூச்சம் இல்லை, கொடுப்பவருக்கும் பயம் இல்லை.

காலாப்பட்டு மாணவன்

செல்வி ரீச்சர் சொல்வது மிகவும் சரி. நடுத்தண்ணீரில் கேட்கும் 200 ரூபாய், கரையில் கேட்கும் 200 ரூபாயை விடப் பயமாக இருக்கும்.

வில்லியனூர் நிலா

பேசியதை எழுத்தில் கொண்டுவருவோம். போக்குவரத்துத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு மனு எழுதித் தருகிறேன். அதில் மூன்று கோரிக்கை போதும். பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் பிரீபெய்டு ஆட்டோ கவுண்டர். கடற்கரைச் சாலையில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சில் கட்டணப் பலகை, அதில் 1363 எண்ணும் இருக்க வேண்டும். விடுதிகள் ஆட்டோக்காரர்களிடம் வாசல் கமிஷன் வாங்கத் தடை. மூன்றாவதில் ரவி அண்ணன் கையெழுத்து முதலில் வேண்டும்.

முதலியார்பேட்டை ரவி

போடுகிறேன் மேடம். ஸ்டாண்டில் உள்ளவர்களையும் போட வைக்கிறேன்.

உப்பளம் மணி

மனு ஒரு பக்கம் போகட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். என் வீட்டு வரவேற்பறையில் ஒரு தாள் ஒட்டப் போகிறேன். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ஆரோவில், நோணாங்குப்பம் படகுத்துறை, இந்த நான்குக்கும் ஆட்டோ ரேட். கீழே இளநீர், தண்ணீர் பாட்டில், பூ. பிரெஞ்சில் எழுத பிரகாசம் சார் உதவுங்கள். ரேட் நான் முடிவு செய்யக் கூடாது, ரவி தம்பிதான் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாத எண்ணை எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

பாரிஸ் பிரகாசம்

இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். அறை முன்பதிவு செய்யும்போதே அந்தத் தாளை விருந்தினருக்கு அனுப்பிவிடுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எண் கையில் இருக்க வேண்டும்.

முதலியார்பேட்டை ரவி

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்ட் 120, லக்கேஜோடு 150. ரயில் நிலையத்திலிருந்து உப்பளத்துக்கு 80. நோணாங்குப்பம் 250. ஆரோவில் போக மட்டும் 350, காத்திருந்து திரும்பக் கூட்டி வர 800. மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு 100 சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லாவற்றிலும் பாதி கூடுதல். அதையும் பெரிய எழுத்தில் போடுங்கள் அண்ணன், இல்லையென்றால் அதற்கு ஒரு சண்டை வரும். ஸ்டாண்டில் மற்றவர்களிடம் காட்டிவிட்டு நாளைக்குக் காலையில் உறுதி சொல்கிறேன்.